டம்மித் தங்கச்சி

அலுவலகத்தில் அவளுக்கு டம்மி அக்கா என்று பெயர். கேட்டால் வசவு மாதிரி இருக்கும். வைத்தவர்கள் அப்படி நினைத்து வைக்கவில்லை, அவளும் கோபித்துக்கொள்ளவில்லை. ஐம்பத்து மூன்று வயது, தடித்த கண்ணாடி, கழுத்துவலிக்கு ஒரு சின்னத் தலையணை, மூன்றாம் மாடியில் ஜன்னலுக்கு முதுகு காட்டிய நாற்காலி. மற்றவர்கள் எழுதிய புரோகிராம் ஒழுங்காக ஓடுகிறதா என்று சோதிக்கிற புரோகிராம்களை அவள் பதினெட்டு வருஷமாக எழுதிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை கிடைக்கவில்லை என்று ஆரம்பத்தில் சொன்னார்கள். பிறகு அவளே தேடவில்லை என்றார்கள். அதற்கும் பிறகு யாரும் எதுவும் சொல்லவில்லை.

அந்தக் கம்பெனி செய்வது ஒரு பெட்டி. சாப்பாட்டு டப்பா அளவுதான் இருக்கும், முகப்பில் ஒரு சின்னத் திரை. வீட்டில் தனியாக இருக்கிறவர்களுக்கானது. தினமும் காலை எட்டு மணிக்குள் அதிலிருக்கும் பச்சைப் பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தினால் ஆள் நலம். அழுத்தாவிட்டால் பெட்டி மூன்று முறை குரல் கொடுத்துப் பார்க்கும். அப்புறம், பதிவு செய்து வைத்திருக்கும் உறவினரின் போனுக்குச் செய்தி அனுப்பும். பத்து நிமிஷத்தில் அவர் பதில் போடாவிட்டால் கம்பெனியின் கண்காணிப்பு அறைக்குத் தகவல் போகும், அங்கிருந்து ஆம்புலன்ஸுக்கு. கண் தெரியாதவர்களும் இருப்பார்கள் என்பதால் எந்தப் பதில் வந்தாலும் பெட்டி அதை வாய்விட்டுப் படிக்கும்.

சரி, இதைச் சோதிப்பது எப்படி? நிஜமான ஒரு உறவினருக்கு நாளொன்றுக்கு நானூறு தடவை "உங்கள் பெரியப்பா பொத்தானை அழுத்தவில்லை" என்று செய்தி அனுப்பினால் செருப்பைக் கழற்றிக்கொண்டு வந்துவிடுவார். அதனால் அந்த உறவினர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பொய் உறவினரை உட்கார வைப்பார்கள். அதற்குச் சொந்த புத்தி கிடையாது. என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று நாம் சொல்லிக் கொடுத்ததை அட்சரம் பிசகாமல் ஒப்பிக்கும். மாக் என்று பயிற்சி வகுப்பில் சொல்வார்கள். அந்த மாடியில் டம்மி என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். டம்மி சொன்ன பதிலை வைத்துக்கொண்டு புரோகிராம் சரியாக நடந்துகொண்டால் திரையில் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. அவ்வளவுதான் விஷயம்.

மற்றவர்கள் தங்கள் டம்மிகளுக்கு உறவினர் ஒன்று, உறவினர் இரண்டு என்று பேர் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். டம்மி அக்காவுக்கு அது பிடிக்காது. அவளுடைய டம்மிக்கு உறவுமுறை உண்டு: தங்கச்சி. பதிலும் உண்டு: "இதோ வர்றேன்க்கா." ஒரு நாளைக்கு நானூறு சோதனை ஓடும், நானூறு தடவையும் அந்தத் தங்கச்சி இதோ வர்றேன்க்கா என்பாள். ஒரு தடவைகூட சலித்துக்கொண்டதில்லை.

நிஜத்தில் அவளுக்கு ஒரு தங்கச்சி இருந்தாள். அவள் வீட்டுக்கு இரண்டு பஸ் மாறினால் போய்விடலாம். போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது.

நடந்தது இதுதான். அம்மா, தங்கச்சி வீட்டில்தான் படுத்த படுக்கையாக இருந்தாள். பெட்டியின் முதல் விற்பனைக்கு இரண்டு நாள் இருந்தது. ஒரு சோதனை மட்டும் சிவப்பாகவே நின்றது, ஏன் என்று பிடிபடவில்லை. போன் அடித்தது. எடுத்தால் நினைத்துக்கொண்டிருந்தது அறுந்துபோகும் என்று போனைக் கவிழ்த்து வைத்தாள். மத்தியானம் இரண்டரை மணிக்குச் சிவப்பு பச்சையாயிற்று. சந்தோஷமாகப் போனைத் திருப்பினால் பதினோரு அழைப்பு. எல்லாம் தங்கச்சி. அம்மா ஒன்றே முக்காலுக்கே போய்விட்டாள்.

தங்கச்சி கத்தியிருந்தால் தேவலை. கத்தவில்லை. "உனக்கு வேலை இருந்திருக்கும், சரி" என்றாள், அவ்வளவுதான். காரியங்கள் எல்லாம் முடிந்த பிறகு போன் வரவே இல்லை. டம்மி அக்கா இரண்டு முறை கூப்பிட்டாள், அந்தப் பக்கம் எடுக்கவில்லை. மூன்றாவது முறை கூப்பிட அவளுக்கு முகம் இல்லை. பேசாத ஒவ்வொரு மாதமும் பேசுவதை இன்னும் கஷ்டமாக்கியது, அதுவே மூன்று வருஷமாகிவிட்டது.

பெட்டியில் ஒரு விதி உண்டு. அதைச் சண்டை போட்டு வாங்கியவளே டம்மி அக்காதான். உறவினர் வருகிறேன் என்று பதில் போட்டுவிட்டால் பெட்டி அதோடு வாயை மூடிக்கொள்ள வேண்டும். கூட்டத்தில் பக்கத்து நாற்காலிக்காரி, கணக்காக யோசிக்கிற பெண், விடவில்லை.

"வர்றேன்னு சொன்னா வந்துட்டதா அர்த்தமாக்கா?"

"வர்றேன்னு சொன்ன ஆளை நம்பணும்மா. ஒருத்தர் வர்றாங்கன்னா அப்புறம் ஊரையே எதுக்குக் கூட்டணும்? யாருக்கும் தொந்தரவு குடுக்கக் கூடாது."

யாருக்கும் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்பதில் அவள் அப்படி ஒரு பிடிவாதக்காரி. அடுக்குமாடி வீட்டில் லிஃப்டில் யாராவது வந்தால் அடுத்த தடவை போய்க்கொள்ளலாம் என்று ஒதுங்கி நிற்பாள். கடைக்காரர் சில்லறை இல்லை என்று முகம் சுளித்தால் பொருளையே திருப்பி வைத்துவிட்டு வருவாள். விதி நிறைவேறியது.

அம்மா இறந்த மூன்றாம் வருஷம் மேனேஜர் ஒரு உத்தரவு போட்டார். எல்லோரும் ஆளுக்கொரு பெட்டியை வீட்டுக்கு எடுத்துப்போய் ஒரு மாசம் பயன்படுத்திவிட்டுக் குறை நிறை எழுதித் தர வேண்டும். டம்மி அக்காவும் எடுத்துப்போனாள். ஹால் மேஜையில் வைத்து உறவினர் பகுதிக்கு வந்தபோதுதான் கை நின்றது. எண் கொடுக்காமல் பெட்டி அடுத்த படிக்கு நகராது. எண் கொடுத்தால் அந்த ஆளுக்குச் செய்தி போகும், அவர் சம்மதம் என்று அழுத்தினால்தான் பதிவாகும். யாருடைய எண்ணைக் கொடுப்பது? மேனேஜரையா? பக்கத்து நாற்காலிக்காரியையா? "எனக்கு வேற யாரும் இல்லம்மா, உன் பேரைப் போட்டுக்கட்டுமா" என்று எப்படிக் கேட்பது? அரை மணி நேரம் மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

பிறகு அவளைப் போன்றவர்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு காரியத்தைச் செய்தாள். மடிக்கணினியைத் திறந்து, தன் வீட்டுப் பெட்டியைச் சோதனை இணைப்பில் மாட்டிவிட்டாள். அங்கே இருப்பது யார்? டம்மித் தங்கச்சி. சம்மதமா என்று பெட்டி கேட்டது. கண் இமைப்பதற்குள் சம்மதம் வந்தது. "உங்கள் தங்கச்சி பதிவு செய்யப்பட்டார்" என்றது பெட்டி. திங்கட்கிழமை சரியாக மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டாள். ஐந்து திங்கட்கிழமை போயிற்று.

அறிக்கையில் எழுதாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை அவள் வேண்டுமென்றே பொத்தானை அழுத்தாமல் உட்கார்ந்திருந்தாள், காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு. எட்டு மணி தாண்டியதும் பெட்டி பேசியது: "தங்கச்சியின் பதில். இதோ வர்றேன்க்கா." கேட்டுவிட்டு எழுந்து போய் தம்ளரைக் கழுவினாள். பைத்தியமா என்று கேட்காதீர்கள். வீட்டில் அவளை அக்கா என்று கூப்பிட வேறு ஆளில்லை.

அந்தச் சனிக்கிழமை காலை ஏழரைக்குக் குளித்துவிட்டு வெளியே வந்தவள் ஈரக்காலோடு வழுக்கினாள். வலது கால் கீழே மடங்கியது. உள்ளே ஏதோ முறிகிற சத்தம் அவளுக்கே கேட்டது. கொஞ்ச நேரம் எதுவும் தெரியவில்லை. தெரிந்தபோது பாதம் பார்க்க வேண்டிய பக்கம் பார்த்தபடி இல்லை.

போன் சமையலறையில் ஃப்ரிட்ஜின் தலையில் சார்ஜில் இருந்தது. கத்திப் பார்த்தாள். மேல் வீட்டில் தரையைப் பெயர்த்து டைல்ஸ் போட்டுக்கொண்டிருந்தார்கள், டிரில் சத்தத்தில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. எதிர் வீடு பூட்டி ஒரு மாசம் ஆகிறது. சரி, எட்டு மணியாகட்டும், நம்ம பெட்டிதான் இருக்கிறதே என்று ஒரு நிமிஷம் நிம்மதியாக இருந்தாள். அப்புறம்தான் சுரீர் என்றது.

எட்டு மணிக்குப் பெட்டி மூன்று முறை கூப்பிட்டது. "உங்கள் தங்கச்சிக்குத் தகவல் அனுப்புகிறேன்" என்றது.

"ஐயோ, வேண்டாம்" என்றாள் அவள், தரையில் கிடந்தபடி.

"தங்கச்சியின் பதில். இதோ வர்றேன்க்கா. உதவி வருகிறது. அமைதியாக இருங்கள்."

அதோடு பெட்டி வாயை மூடிக்கொண்டது. விதி அது. பத்து நிமிஷம் கழித்துக் கண்காணிப்பு அறைக்குத் தகவல் போகாது. ஆம்புலன்ஸுக்குப் போகாது. எல்லாவற்றையும் சோதித்துப் பச்சை வாங்கியது அவள்தானே, அவளுக்குத் தெரியாதா? திங்கட்கிழமை காலை அவள் நாற்காலி காலியாக இருப்பதை யாராவது பார்க்கும்வரை இந்த உலகத்தில் ஒருவருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. சிரித்தால் கால் வலித்தது. பிறகு குழந்தை மாதிரி அழுதாள், நன்றாகச் சத்தம் போட்டு, டிரில் சத்தம் இருக்கிற தைரியத்தில்.

அழுது முடித்துவிட்டு நகர்ந்தாள். முழங்கையை ஊன்றி, ஒரு டைல்ஸ், நிறுத்தம், ஒரு டைல்ஸ், நிறுத்தம். சமையலறை வாசலை எட்டப் பத்து மணியாயிற்று. மூலையில் இருந்த மாப் குச்சியை இழுத்து, மல்லாந்து படுத்துக்கொண்டு, சார்ஜர் ஒயரைக் குச்சியால் கொக்கி போட்டு இழுக்கப் பார்த்தாள். குச்சி நழுவி நழுவி வந்தது. எத்தனை தடவை என்று எண்ணவில்லை. போன் வந்து விழுந்தபோது பதினொன்றே முக்கால். அதன் கண்ணாடி தெறித்திருந்தது, உயிர் இருந்தது. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டு அதே குச்சியோடு வாசல் கதவுவரை நகர்ந்து தாழ்ப்பாளைத் தட்டிவிட்டாள்.

ஆம்புலன்ஸ் டிரைவர் அவளை ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது மேஜைமேல் இருந்த பெட்டியைப் பார்த்தார்.

"என்னம்மா, இதுல உதவி வருகிறதுன்னு எழுதியிருக்கு? யாராவது வர்றாங்களா? காத்திருக்கணுமா?"

"இல்லப்பா. அது பொய்."

"யாரு இப்படிப் பொய் சொல்லி வெச்சது?"

"நான்தான்."

அவர் ஸ்ட்ரெச்சரை லிஃப்ட் பக்கம் திருப்பினார். வலியில் உளறுகிறாள் என்று நினைத்திருப்பார்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒரு படிவத்தோடு வந்தாள். இரண்டு இடத்தில் முறிவு, ஆபரேஷன் செய்து கம்பி வைக்க வேண்டும், கூட இருப்பவர் கையெழுத்துப் போட வேண்டும்.

"கூட யாரும்மா?"

மறுபடியும் அதே கட்டம். எண் கொடுக்காமல் அடுத்த படிக்கு நகராது. இந்தத் தடவை மாட்டிவிட டம்மி இல்லை. தங்கச்சியின் எண் அவளுக்கு மனப்பாடம். தெறித்த கண்ணாடியில் அழுத்தினாள். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை. ஐந்தாவது தடவை அவள் போனைக் காதிலிருந்து எடுத்து வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்படித்தானே இருந்திருக்கும் அவளுக்கு, பதினோரு தடவை, பக்கத்தில் அம்மாவின் மூச்சு இழுத்துக்கொண்டிருக்க. மூன்று வருஷமாக அந்த மத்தியானத்தைத் தன் மேஜையிலிருந்து மட்டும்தான் நினைத்துப் பார்த்திருந்தாள்.

"வேற நம்பர் இருக்காம்மா?"

"இல்லம்மா. இது ஒண்ணுதான்."

நர்ஸ் அந்த எண்ணை வாங்கி ஆஸ்பத்திரி போனிலிருந்து அடித்தாள். அது எடுக்கப்பட்டது. டம்மி அக்காவுக்கு அந்தப் பக்கத்துக் குரல் கேட்கவில்லை. நர்ஸ் சொன்னது மட்டும்தான் கேட்டது. ஆமாம். வலது கால். ரெண்டாவது மாடி. இல்ல, தனியாத்தான் வந்தாங்க.

ஒன்றரை மணி நேரம் கழித்துத் தங்கச்சி வந்தாள். தலையில் முன்பைவிட நரை. வந்ததும் கட்டிலைப் பார்க்கவில்லை. படிவத்தை ஒரு வரி விடாமல் படித்தாள், டாக்டரிடம் நான்கு கேள்வி கேட்டாள், கையெழுத்துப் போட்டாள். அப்புறம்தான் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"நீ அடிச்சதைப் பார்த்தேன். அஞ்சு தடவை. எடுக்கத் தோணல."

"சரி."

"என்ன சரி? நான் அன்னிக்குப் பதினொண்ணு அடிச்சேன்."

"தெரியும். அந்த போனை இன்னும் தூக்கிப் போடலடி. அந்த லிஸ்ட் அப்படியே இருக்கு."

தங்கச்சி கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்து ஒன்றைத் தின்றாள். டம்மி அக்கா, வலிக்குப் போட்ட ஊசியின் தைரியமோ என்னவோ, பெட்டி விஷயம் முழுவதையும் கொட்டிவிட்டாள். டம்மி, நானூறு தடவை, ஞாயிற்றுக்கிழமைக் காப்பி, எல்லாம்.

தங்கச்சியின் முகம் சிவந்தது. "என் வாயில நீயா ஒரு வார்த்தையைத் திணிச்சு, நீயா கேட்டுக்கிட்டு இருந்தியா? இதோ வர்றேன்க்காவா? நான் என்னிக்கு உன்கிட்ட அப்படிக் கொஞ்சிப் பேசியிருக்கேன்? இதோவாம், இதோ! ரெண்டு பஸ் மாறி வரணும், ஒண்ணு வந்தா ஒண்ணு வராது!"

பக்கத்துக் கட்டில் அம்மாள் எட்டிப் பார்த்தாள். டம்மி அக்கா சிரித்தாளா அழுதாளா என்று அவளுக்கே தெரியவில்லை. மூன்று வருஷத்தில் முதல் தடவையாக, தான் எழுதிக் கொடுக்காத ஒரு பதிலை அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஆபரேஷன் முடிந்தது. தங்கச்சி ஆறு நாளில் நான்கு நாள் வந்தாள். போகும்போது ஒவ்வொரு தடவையும் "நாளைக்கு வருவேனான்னு தெரியாது" என்றுதான் சொல்லிவிட்டுப் போனாள். வீட்டில் கொண்டுவந்து விட்டாள், குளியலறைக்கு ஒரு ரப்பர் பாய் வாங்கிப் போட்டாள், அன்று சாயங்காலமே கிளம்பிவிட்டாள். இருந்துட்டுப் போயேன் என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை.

வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி கிடைத்தது. முதல் வேலையாகத் தன் பெட்டியைச் சோதனை இணைப்பிலிருந்து கழற்றி நிஜ இணைப்பில் மாட்டினாள். உறவினர் கட்டத்தில் தங்கச்சியின் எண்ணை அடித்தாள். சம்மதம் கேட்டுச் செய்தி போயிற்று. திரையில் "காத்திருக்கிறது" என்று வந்தது. மறுநாளும் காத்திருக்கிறது. நான்காம் நாளும் அப்படியே.

அன்று பக்கத்து நாற்காலிக்காரி போனில் வந்தாள். அந்த விதியை மாற்றிவிட்டார்களாம். ஆள் வந்து சேர்ந்து பொத்தானை அழுத்தும்வரை பெட்டி கேட்டுக்கொண்டே இருக்கும், அழுத்தாவிட்டால் கண்காணிப்பு அறைக்குப் போய்விடும். "நான் அன்னிக்கே சொன்னேன்ல" என்று அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை, நல்ல பெண்.

"டம்மிக்கும் புதுசா ஒரு டெஸ்ட் கேஸ் சேர்க்கணும்க்கா. பதிலே வராத கேஸ். உங்க டம்மி எல்லாத்துக்கும் உடனே பதில் சொல்லிடுது. எவ்வளவு நேரம் பதில் வரலைன்னு போடட்டும்?"

"மூணு வருஷம்னு போடும்மா."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "ஜோக்கடிக்காதீங்கக்கா. பதினஞ்சு நிமிஷம்னு போட்டுக்கறேன்."

ஐந்தாம் நாள் காத்திருக்கிறது என்பது மாறியது. "மறுத்துவிட்டார்" என்று வந்தது. பெட்டி அதையும் வாய்விட்டுப் படித்தது, எப்போதும்போல நிதானமாக. டம்மி அக்கா வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தவள் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தாள். கேட்டது தப்பு என்று நினைத்தாள். பெட்டியின் ஒயரைப் பிடுங்கப் போனபோது போன் அடித்தது.

"அந்தப் பெட்டிக்கெல்லாம் நான் சம்மதம் குடுக்க மாட்டேன்" என்றாள் தங்கச்சி, எடுத்த எடுப்பில். "அது பேசறதே எனக்குப் பிடிக்கல. நீ உயிரோட இருக்கியான்னு அது எனக்குச் சொல்லணுமா? காலையில நானே அடிக்கிறேன். பால் காய்ச்சிட்டு, ஏழு மணி வாக்குல. நீ எடுக்கணும். எடுக்கலைன்னா ஒரு தடவைதான் பார்ப்பேன். ரெண்டாம் தடவை அடிக்க மாட்டேன், சொல்லிட்டேன்."

"ரெண்டாம் தடவை அடிக்க மாட்டியா? அப்ப என்ன பண்ணுவே?"

"பஸ் ஏறிடுவேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

மறுநாள் டம்மி அக்கா ஆறு மணிக்கே எழுந்துவிட்டாள். ஹால் நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். ஏழு அடித்தது. ஏழேகால் ஆயிற்று. மேல் வீட்டில் டிரில் சத்தம் எப்போதோ நின்றுபோயிருந்தது, வீடு அமைதியாக இருந்தது. மறந்திருப்பாள். இல்லை, மனசு மாறியிருக்கும். இதற்கெல்லாம் உறுதி எங்கே இருக்கிறது, சொந்த புத்தி உள்ளவள் அல்லவா? ஏழு இருபத்தைந்துக்குப் போன் அடித்தது. முதல் மணி முழுசாக அடித்து முடிப்பதற்குள் எடுத்துவிட்டாள்.

"என்ன, அதுக்குள்ள எடுத்துட்ட? போன்மேலயே உட்கார்ந்திருந்தியா?"

"கையிலயே வெச்சிருந்தேன்டி" என்றாள் டம்மி அக்கா. "ஆறு மணியிலேர்ந்து."